படம் எங்கே கெட்டது? அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

அழைப்பிதழ், புத்தக அட்டை, ஃபிளெக்ஸ் பேனர், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று எதற்காகப் படக்கோப்பைக் கையாண்டாலும், “படம் சரியாக வரவில்லை” என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்துப் பன்னிரண்டு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று பிரித்தறியாமலே படத்தைக் கூர்மையாக்கும் ‘ஷார்ப்பன்’ பொத்தானை அழுத்துவது, நோயாளியைப் பார்க்காமலே மருந்துச் சீட்டு எழுதுவதைப் போன்றது. ஆகவே இந்த வழிமுறை கண்ணுக்குத் தெரியும் அறிகுறியில் தொடங்கி, கோப்புக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதை விளக்கி, அதன் பிறகே செய்ய வேண்டியதற்கு வருகிறது.

கணினிக்குப் படம் என்பது ஓர் எண் அட்டவணை. படத்தின் மிகச் சிறிய புள்ளியாகிய ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. வழக்கமான கோப்பில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும். எனவே படத்தில் தோன்றும் பிழைகளை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். எண்களே தொலைந்திருக்கலாம், அல்லது எண்கள் பத்திரமாக இருக்க, அவற்றைத் திறந்த மென்பொருளோ திரையோ தவறாகப் படித்திருக்கலாம். இரண்டாவது வகையை முழுமையாகச் சரிசெய்ய முடியும், பெரும்பாலும் ஒரே நிமிடத்தில். முதல் வகைக்கு மருந்து கிடையாது. தொலைவதற்கு முந்தைய பிரதியைத் தேடிப் போவதுதான் வழி. கீழே வரும் ஒவ்வோர் அறிகுறியிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

எதையும் தொடுவதற்கு முன்

மூலக்கோப்பைப் பிரதியெடுத்து, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். அடுத்து, கோளாறு கோப்பில் இருக்கிறதா, திரையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு எளிய வழி, பிழை தெரியும்போதே ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு கருவியில் திறந்து பார்ப்பது. ஸ்க்ரீன்ஷாட் என்பது திரைக்கு அனுப்பப்பட்ட எண்களின் பதிவு. ஆகவே அங்கேயும் அதே கறையோ கோடோ தெரிந்தால் பிழை கோப்பிலோ மென்பொருளிலோ இருக்கிறது. தெரியாவிட்டால் உங்கள் திரையில்தான் இருக்கிறது. கடைசியாக, படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள். 33, 67 போன்ற அளவுகளில் மென்பொருள் தற்காலிகமாகச் சுருக்கிக் காட்டுவதால் உருவாகும் கோடுகளை உண்மைப் பிழை என்று நம்பி அரை நாளை வீணாக்கியவர்களில் நானும் ஒருவன்.

பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகவோ மங்கலாகவோ தெரிகிறது

இது இழப்பு வகை. சரியாகச் சொன்னால், தேவையான எண்கள் தொடக்கத்திலிருந்தே இல்லை.

இந்த அறிகுறி அதிகம் வருவது அஞ்சலிச் சுவரொட்டிகளில்தான். இறந்தவரின் நல்ல படம் கிடைக்காத வீட்டிலிருந்து, அடையாள அட்டைக்காக எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று வரும். 35 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட அப்படத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில், ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 413 பிக்சல் அகலமும் 531 பிக்சல் உயரமும் கிடைக்கும். அதை ஓர் அடி அகலத்துக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 34 பிக்சல்தான் மிஞ்சும். மென்பொருளில் ‘300’ என்று தட்டச்சு செய்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பிக்சல் எண்ணிக்கை மாறாமல் அந்த எண்ணை மட்டும் மாற்றினால், படத்தை எந்த அளவில் அச்சிட வேண்டும் என்ற குறிப்பு மாறுமே தவிர, ஒரு பிக்சல்கூட அதிகரிக்காது. பிக்சலையும் சேர்த்துக் கூட்டச் சொன்னால், மென்பொருள் அக்கம்பக்கத்து எண்களின் சராசரியை இடையில் இட்டு நிரப்பும். கட்டம் மறைந்து மங்கல் வரும்.

கையில் அச்சுப் படம் இருக்கிறது என்றால் 600 அல்லது 1200 டிபிஐயில் மீண்டும் ஸ்கேன் செய்வதே முதல் வேலை. ஆனால் வந்திருப்பது இரசாயன முறையில் கழுவிய புகைப்படமா, அட்டையிலோ நாளிதழிலோ அச்சான படமா என்று ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சான படம் மைப்புள்ளிகளால் ஆனது. அதை எவ்வளவு நுணுக்கமாக ஸ்கேன் செய்தாலும் முகம் கூடுதலாகத் தெளியாது, புள்ளிகள்தான் தெளிவாகத் தெரியும். அத்தகைய படத்துக்கு, மைப்புள்ளிகளைக் கரைத்துக் காட்டும் ‘டீஸ்கிரீன்’ என்ற தேர்வு ஸ்கேனர் மென்பொருளில் இருக்கும். அதைப் போட்டுவிட வேண்டும்.

எவ்வளவு பிக்சல் தேவை என்பதைப் பார்ப்பவரின் தூரம்தான் முடிவு செய்கிறது. இயல்பான பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரைதான் பிரித்தறியும். ஓர் அடி தூரத்தில், அதாவது 30 சென்டிமீட்டரில், அது 0.087 மில்லிமீட்டர், கணக்கிட்டால் அங்குலத்துக்குச் சுமார் 290 பிக்சல் வருகிறது. அச்சகங்கள் ஓதும் ‘300’ என்ற மந்திரம் இதற்கு மிக அருகில் இருப்பதைக் கவனியுங்கள். அதே கண் 3 மீட்டர் தள்ளி நின்றால் அங்குலத்துக்கு 29 பிக்சலே போதும். ஆகவே 10 அடிக்கு 8 அடி பேனருக்கு 3600 பெருக்கல் 2880 பிக்சல் இருந்தால் தெருவில் போகிறவருக்குக் குறை தெரியாது. 4000 பெருக்கல் 3000 பிக்சல் தரும் சாதாரணக் கைபேசிப் படமே அதற்குப் போதுமானது. பேனருக்கும் 300 வேண்டும் என்று கேட்டு, கணினி திணறும் அளவுக்குப் பெரிய கோப்பை உருவாக்குவது தேவையற்ற வேலை. 1957இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் கைக்குழந்தையின் படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். ஸ்கேனர் வழியாகக் கணினிக்குள் சென்ற முதல் படமாகிய அது 176 பெருக்கல் 176 பிக்சல்தான். ஆனாலும் அது குழந்தையின் முகம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது.

பேனரின் எழுத்துகளுக்கும் சின்னங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றைக் கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்றவற்றில் வெக்டராகவே வைத்திருங்கள். வெக்டர் கோப்பில் பிக்சல்கள் இல்லை, வளைகோடுகளின் சூத்திரங்கள்தாம் உள்ளன. எந்த அளவுக்கு இழுத்தாலும் கணினி புதிதாக வரைந்துகொள்ளும். ஜேபெக் (ஜேபிஜி) படமாக வந்த சின்னத்தை வெக்டர் மென்பொருளுக்குள் இறக்கிச் சேமித்தால் அது வெக்டராகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

படம் வாட்ஸ்அப்பில் வந்தது என்றால் மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன், அனுப்பியவரிடம் அதையே ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பும்போது அந்தச் செயலி பிக்சல்களைக் குறைத்து, மேலும் சுருக்கி அனுப்புகிறது; ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே வந்து சேரும்.

எழுத்துகளைச் சுற்றிக் கொசு மொய்த்தது போன்ற அழுக்கு

வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. அதன் ஓரங்களில் சாம்பல் நிறப் பிசிறுகள். சிவப்பு எழுத்தாக இருந்தால் விளிம்பு கரைந்து வழிந்தது போலிருக்கும். கோப்பு ஜேபெக் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

4000 பெருக்கல் 3000 பிக்சல் கொண்ட படத்தை எண்களாக அப்படியே எழுதினால் 3 கோடியே 60 லட்சம் பைட் வரும். கைபேசியில் அதே படம் பெரும்பாலும் 3 முதல் 5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. இந்தச் சிக்கனத்துக்குப் பின்னால் 1974இல் வெளிவந்த ஒரு கட்டுரை இருக்கிறது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் எழுதிய அதில்தான் ‘டிஸ்கிரீட் கோசைன் டிரான்ஸ்ஃபார்ம்’ என்ற கணித முறை அறிமுகமாகிறது. இதை ஆராய 1972இல் அகமது கேட்ட நிதி மறுக்கப்பட்டது. 1992இல் ஜேபெக் தரநிலை வந்தபோது அதன் நடுநாயகமாக அமர்ந்தது அந்த முறையே.

ஜேபெக் படத்தை 8 பெருக்கல் 8 பிக்சல் கொண்ட சதுரங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள 64 எண்களை, மெதுவாக மாறும் அலைகளும் விரைவாக மாறும் அலைகளுமாக 64 அலைகளின் கலவையாக மாற்றி எழுதுகிறது. பிறகு, விரைந்து மாறும் நுண்ணலைகளின் அளவுகளைப் பெரிய எண்ணால் வகுத்து முழு எண்ணாக்குவதால் அவற்றில் பெரும்பாலானவை பூச்சியமாகிவிடுகின்றன. வானம், கன்னம், சுவர் ஆகியவற்றில் நுண்ணலைகள் குறைவு. எனவே கண் எதையும் கவனிப்பதில்லை. எழுத்தின் விளிம்போ வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஒரே பிக்சலில் தாவுகிறது. அந்தத் தாவலை எழுத 64 அலைகளில் பெரும்பாலானவை தேவைப்படும். நுண்ணலைகளை நீக்கினால் மிச்சமிருக்கும் அலைகள் சதுரம் முழுவதும் சிற்றலையாகப் பரவித் தெரியும். அழுக்கு எழுத்தை ஒட்டிய சதுரத்தோடு நின்றுவிடுவதன் காரணம் இதுவே. சிவப்பு எழுத்து மேலும் மோசமாவதற்குக் காரணம் வேறு. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டை மந்தமாகவும் பார்ப்பதால், ஜேபெக் பெரும்பாலும் 4 பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவலைத்தான் வைக்கிறது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து வைத்தால் அந்த ஊழல் அம்பலமாகிவிடும்.

தொலைந்த நுண்ணலைகள் திரும்பி வராது. எழுத்தும் படமும் கலந்த கோப்பை மூல வடிவமைப்பிலிருந்து மீண்டும் பிஎன்ஜியாகவோ பிடிஎஃப்பாகவோ ஏற்றுமதி செய்யுங்கள். பிஎன்ஜி எந்த எண்ணையும் கைவிடுவதில்லை; அதே காரணத்தால் புகைப்படத்துக்கு அதைப் பயன்படுத்தினால் கோப்பு வீங்கிவிடும். ஜேபெக்தான் வேண்டும் என்று கேட்டால், ஜிம்ப் மென்பொருளின் ஏற்றுமதிப் பெட்டியில் ‘சப்சாம்ப்ளிங்’ என்ற இடத்தில் 4:4:4 என்று தேர்ந்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம் கிடைக்கும். ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் ஜேபெக் இந்த வகுத்தலைப் புதிதாகச் செய்கிறது. திறந்து பார்ப்பதாலோ நகலெடுப்பதாலோ படம் தேய்வதில்லை. இடைக்கால வேலைகளை மென்பொருளின் சொந்த வடிவத்தில் வைத்திருந்து, கடைசியில் ஒரே முறை ஜேபெக் ஆக்குங்கள்.

திரையில் ஒரு நிறம், தாளில் வேறு நிறம்

இங்கே இரண்டு கோளாறுகள் ஒரே முகத்தோடு வருகின்றன. பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

முதலாவது, ஒரு மென்பொருளில் பளிச்சென்றும் இன்னொன்றில் வெளுத்தும் தெரிவது. இது தவறான வாசிப்பு, எதுவும் தொலையவில்லை. 255 என்ற எண் ‘முழுச் சிவப்பு’ என்று மட்டுமே சொல்லும். எந்தச் சிவப்பு என்பதைக் கோப்போடு ஒட்டியிருக்கும் நிறச் சுயவிவரம்தான் சொல்ல வேண்டும். இணையத்துக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி என்ற வரையறையை எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996இல் முன்வைத்தன. கேமராக்களில் உள்ள அடோபி ஆர்ஜிபியின் பச்சை அதைவிடச் செறிவானது. ஐபோன்களின் டிஸ்ப்ளே பி3யில் சிவப்பும் கூடுதல் செறிவு. செறிவான வரையறையில் எழுதிய எண்களை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துப் படித்தால் படம் சோர்ந்துபோகும். போட்டோஷாப்பில் இதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. ‘அசைன் புரொஃபைல்’ எண்களைத் தொடாமல் பொருளை மாற்றுகிறது. ‘கன்வர்ட் டு புரொஃபைல்’ தோற்றத்தைக் காப்பாற்றி எண்களை மாற்றுகிறது. சுயவிவரம் காணாமல் போன கோப்புக்கு முதலில் சரியானதை அசைன் செய்து, அதன் பின்னர் எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்ய வேண்டும். வரிசையை மாற்றினால் தவறான தோற்றமே எண்களில் பதிந்து, வாசிப்புப் பிழை இழப்பாக மாறிவிடும்.

இரண்டாவது, அச்சில் மட்டும் நிறம் மங்குவது. திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. மை தாளில் விழும் ஒளியை விழுங்கி நிறம் காட்டுகிறது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் எட்ட முடியாத நிறங்கள் திரையில் ஏராளம். மயில் கழுத்து நீலமும் கிளிப்பச்சையும் தவறாமல் மங்கும். ஆழ்ந்த நீலம் ஊதாவாகத் திரும்பும். மங்கல மஞ்சளுக்கு ஆபத்தில்லை, அது மையாகவே குப்பியில் இருக்கிறது. அச்சகத்திடம் இந்த நான்கு மைகளுக்கும் அவர்கள் பயன்படுத்தும் சிஎம்ஒய்கே சுயவிவரத்தைக் கேட்டு வாங்கி, அச்சில் வரப்போவதைத் திரையிலேயே காட்டும் ‘புரூஃப் கலர்ஸ்’ தேர்வை இயக்கி, எந்த நிறங்கள் சாகின்றன என்பதை முன்பே பார்த்துவிடுங்கள். மணப்பெண் வீட்டார் திரையில் பார்த்த நீலத்துக்கு ஒப்புதல் கொடுத்த பிறகு அதைச் சொல்லிப் பயனில்லை.

இதோடு ஒட்டிய சிறு அறிகுறி ஒன்று: அச்சில் கறுப்பு எழுத்தின் ஓரம் சிவப்பாகவோ நீலமாகவோ நிழலாடும். ஆர்ஜிபியில், அதாவது சிவப்பு, பச்சை, நீல எண்களில், 0, 0, 0 என்றிருந்த கறுப்பை மைகளுக்கு மாற்றும்போது மென்பொருள் நான்கு மைகளையும் கலந்து கறுப்பாக்கியிருக்கும்; தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை 100, மற்றவை 0 என்று கையால் வைத்துவிடுங்கள்.

வானத்திலோ வண்ணச் சரிவிலோ பட்டை பட்டையாக

ஒரு நிறத்துக்கு 256 படிகள்தாம். 10 அடிப் பேனரின் பின்னணி, நீலத்திலிருந்து சற்றே வெளிறிய நீலத்துக்கு 40 படிகளில் நகர்கிறது என்றால், ஒவ்வொரு படியும் 3 அங்குல அகலத்தில் தனிப் பட்டையாக நிற்கும். முதலில் வேறு திரையில் பாருங்கள். விலை குறைந்த திரைகள் சில நிறத்துக்கு 64 படிகளையே உண்மையில் காட்டுகின்றன. கோப்பிலேயே பட்டை இருந்தால், ஒரு நிறத்துக்குப் பல ஆயிரம் படிகள் தரும் 16 பிட்டுக்கு மாற்றிய புதிய கோப்பில் சரிவை மீண்டும் உருவாக்குங்கள். பட்டை விழுந்த பழைய சரிவை 16 பிட்டாக மாற்றினால் அதே பட்டைகள் பெரிய எண்களில் எழுதப்படும், அவ்வளவுதான். கடைசியில் 1 அல்லது 2 சதவீதம் ‘நாய்ஸ்’, அதாவது தாறுமாறான புள்ளி இரைச்சல், சேர்த்துவிட்டால் படிகளின் எல்லைகள் கலைந்து கண் ஏமாந்துவிடும். படத்தைக் கெடுத்துப் படத்தைக் காப்பாற்றும் இந்தத் தந்திரம் எனக்கு எப்போதும் பிடித்தமானது.

பட்டுப்புடவையில் இல்லாத அலைகள், சிறிதாக்கினால் அணையும் விளக்குகள்

நெருக்கமான கட்டம் போட்ட புடவையில் வானவில் நிற அலைகள் நெளிந்தால் அது மொயரே. இழைகளின் நெருக்கம் பிக்சல்களின் நெருக்கத்தைத் தொட்டுவிட்டால், கேமரா சில இழைகளைப் பார்த்துச் சிலவற்றைத் தவறவிடுகிறது. அந்த விட்டுவிட்டுப் பார்த்தலே பெரிய அலையாகத் தெரிகிறது. நிறம் சேர்வதற்குக் காரணம், கேமரா உணரியின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது என்பது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். மற்ற இரண்டு நிறங்களும் அண்டைப் புள்ளிகளைப் பார்த்து ஊகிக்கப்படுகின்றன. மூலப் படத்தில் அலை இல்லாமல் சிறிதாக்கிய படத்தில் மட்டும் இருந்தால் நல்ல செய்தி: ஒரே ஒரு அண்டைப் பிக்சலை மட்டும் எடுத்துக்கொள்ளும் ‘நியரஸ்ட் நெய்பர்’ முறையைத் தவிர்த்து, பல பிக்சல்களைக் கலந்து கணக்கிடும் ‘பைக்யூபிக்’ முறையில் மீண்டும் சிறிதாக்குங்கள். மூலத்திலேயே இருந்தால், ஓரடி முன்னே போயோ பின்னே வந்தோ மீண்டும் படமெடுப்பதே மேல். அது முடியாதபோது நிறத்தை மட்டும் மங்கலாக்கி அலையின் வானவில்லையாவது அழிக்கலாம்.

சிறிதாக்கும்போது வரும் இன்னொரு பிழை அதிகம் பேசப்படுவதில்லை. கார்த்திகைத் தீப வரிசையையோ தெப்பத்தின் சர விளக்குகளையோ எடுத்த இரவுப் படத்தைச் சிறிதாக்கினால் விளக்குகள் மங்கிப்போகும். கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் அளவுகள் அல்ல. நம் கண்ணின் போக்குக்கு ஏற்ப வளைத்து எழுதிய எண்கள். ஒரு கறுப்பு பிக்சலையும் ஒரு வெள்ளை பிக்சலையும் கலந்தால் பாதி ஒளி வர வேண்டும். எஸ்ஆர்ஜிபியில் அதன் எண் 188. பல மென்பொருள்கள் 0 மற்றும் 255 இரண்டின் நேர் சராசரியாக 128 என்று எழுதுகின்றன. அந்த எண் தருவது சுமார் 22 சதவீத ஒளியே. ஜிம்பில் படத்தை ‘லீனியர் லைட்’ நிலைக்கு மாற்றிவிட்டுச் சிறிதாக்கினால் விளக்குகள் மீண்டும் எரியும்.

மண்டப எல்இடி விளக்கொளியில் எடுத்த படத்தில் கிடைமட்டமாகக் கரும்பட்டைகள் விழுந்திருந்தால், அது மேற்சொன்ன எதுவும் இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. உணரி வரிவரியாகப் படிக்கும்போது சில வரிகள் மங்கிய நேரத்தில் சிக்கிக்கொள்கின்றன. ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு என்று வைத்து எடுத்தால் பட்டை வராது. எடுத்து முடித்த படத்தில் செய்வதற்கு அதிகம் இல்லை.

படம் படுத்துக் கிடக்கிறது

கைபேசியில் நேராக, கணினியில் பக்கவாட்டில். பிக்சல்கள் உணரி படித்த வரிசையிலேயே சேமிக்கப்பட்டு, ‘காட்டும்போது திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பு மட்டும், படத்தைப் பற்றிய விவரங்கள் எழுதப்படும் எக்சிஃப் பகுதியில் 1 முதல் 8 வரை ஓர் எண்ணாக எழுதப்படுகிறது. 6 என்றால் வலப்புறமாக 90 பாகை திருப்ப வேண்டும். குறிப்பைப் படிக்காத மென்பொருளில் படம் படுத்துவிடும். ஒருமுறை திருப்பிச் சேமித்து, குறிப்பை 1 என்று ஆக்கிவிட்டால் தொல்லை ஒழிந்தது.

சின்னத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி

ஒளிபுகும் பின்னணிக்கு ஒவ்வொரு பிக்சலிலும் நான்காவதாக ஓர் எண் தேவை. ஜேபெக்கில் அதற்கு இடமே இல்லை. பிஎன்ஜி மூலத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பிஎன்ஜியாகவே இருந்தும், அடர்ந்த பின்னணியில் வைத்தால் மெல்லிய வெள்ளை விளிம்பு தெரிகிறது என்றால், முன்பு வெள்ளைப் பின்னணியிலிருந்து வெட்டும்போது ஓரத்துப் பாதி ஒளிபுகும் பிக்சல்களில் வெள்ளை கலந்துவிட்டது. போட்டோஷாப்பின் லேயர் பட்டியலில் ‘மேட்டிங்’ என்பதன் கீழ் உள்ள ‘ரிமூவ் ஒயிட் மேட்’ இதற்காகவே இருக்கிறது. இணையத்திலிருந்து இறக்கிய ‘பின்னணி இல்லாத’ படத்தில் சாம்பலும் வெள்ளையுமான சதுரங்கக் கட்டங்கள் அச்சிலும் வந்தால், யாரோ கட்டங்களோடு சேர்த்தே படம் பிடித்து வைத்திருக்கிறார் என்று பொருள்; வேறு படம் தேடுவது விரைவானது.

பாதிப் படம் சாம்பல், அல்லது பாதியிலிருந்து நிறம் திரிகிறது

ஜேபெக் பெரும்பாலும் மேலிருந்து கீழாக எழுதப்படுகிறது. கீழ்ப் பாதி சாம்பலாக இருந்தால் கோப்பு முழுதாக வந்து சேரவில்லை. மூலத்தின் பைட் அளவையும் உங்கள் பிரதியின் பைட் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்து, மீண்டும் நகலெடுங்கள்.

ஒரு குறிப்பிட்ட வரியிலிருந்து எல்லாமே இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால் நடுவில் சில பைட்டுகள் சிதைந்திருக்கின்றன. ஒவ்வொரு சதுரத்தின் சராசரி வெளிச்சமும் நிறமும் முந்தைய சதுரத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகின்றன என்றே ஜேபெக் எழுதுவதால், ஓரிடத்துப் பிழை அதன் பின் வரும் எல்லாச் சதுரங்களையும் பற்றிக்கொள்கிறது. மெமரி கார்டிலிருந்து வந்த படம் என்றால் அந்தக் கார்டில் அதன்பிறகு ஒன்றும் எழுதாதீர்கள். மீட்பு மென்பொருளால் தேடக்கூடிய பழைய பைட்டுகள் புதிய படத்தால் மிதிபட்டுவிடும். கோப்புறையில் சிறுபடம் முழுதாகத் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். அது எக்சிஃப் பகுதியில் தனியாக, பெரும்பாலும் 160 பெருக்கல் 120 பிக்சல் அளவில் வைக்கப்படும் வேறு படம்.

கோப்பு திறக்கவில்லை, விண்ணப்பம் ஏற்கவில்லை

2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் ஹெச்இஐசி வடிவத்தில் படம் சேமிக்கின்றன. கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை ஜேபிஜி என்று மாற்றினால் உள்ளே எதுவும் மாறாது. மென்பொருள் பார்ப்பது முதல் சில பைட்டுகளை. ஜேபெக் 255, 216 என்று தொடங்கும்; பிஎன்ஜி 137, 80, 78, 71 என்று தொடங்கும். மென்பொருளில் திறந்து ஏற்றுமதி செய்வதே சரியான மாற்றம்.

தேர்வு விண்ணப்பங்கள் 20 முதல் 50 கேபிக்குள் படம் கேட்கும்போது, 3000 பிக்சல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு தரத்தை 5 சதவீதத்துக்கு இறக்குவது பலர் செய்யும் தவறு; முகம் சதுரம் சதுரமாகிவிடும். முதலில் பிக்சல்களைக் குறையுங்கள். மேலே சொன்ன 413 பெருக்கல் 531 அளவுக்குக் கொண்டுவந்தால், நல்ல தரத்திலேயே பெரும்பாலும் 50 கேபிக்குள் அடங்கும்.

செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தில் தமிழ் எழுத்து உளறலாக இருக்கிறது

பல மாதிரிகளில், கட்டளையை எத்தனை முறை திருத்தி எழுதினாலும் இது தீராது. ஏன் என்று தெரிந்துகொண்டால் நேரம் மிச்சம். 2022இல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் மாதிரியை எடுத்துக்கொள்வோம். அது 512 பெருக்கல் 512 பிக்சல் படத்தை நேரடியாக வரைவதில்லை. 64 பெருக்கல் 64 கட்டங்கள் கொண்ட, கட்டத்துக்கு 4 எண்கள் உள்ள சுருக்க வடிவத்தில், வெறும் இரைச்சலிலிருந்து படிப்படியாக இரைச்சலை நீக்கி ஓர் உருவத்தைக் கொண்டுவந்து, கடைசியில்தான் பிக்சல்களாக விரிக்கிறது. 8 பெருக்கல் 8 பிக்சல் சதுரத்தின் 192 எண்களுக்கு 4 எண்களே இருக்கும் அந்த உலகில், சிறிய எழுத்தின் புள்ளி தங்க இடமில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அதற்கு எழுத்து என்பது உருவம் மட்டுமே. ‘கொ’ என்பதில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும் என்பது எழுத்துருவுக்கும் அதைக் கோக்கும் மென்பொருளுக்கும் விதியாகத் தெரியும். படம் வரையும் மாதிரிக்கு அது பார்த்துப் பழகிய ஒரு வடிவம், அதுவும் குறைவாகவே பார்த்தது. எழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டு வரையச் சொல்லி, எழுத்தை வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு எழுத்துருவால் கோத்துக்கொள்ளுங்கள்.

பழைய படத்தைத் ‘தெளிவாக்கி’த் தரும் கருவிகளும் இதே குடும்பம்தான். அவை தொலைந்த எண்களை மீட்பதில்லை. இலட்சக்கணக்கான பிற முகங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில், இருக்கக்கூடிய எண்களை எழுதுகின்றன. மேலே சொன்ன பாஸ்போர்ட் படத்தை அதில் போட்டால் இமை மயிர் வரை தெளிவான ஒரு முகம் வரும். கன்னத்து மச்சம் போயிருக்கலாம், பல்வரிசை மாறியிருக்கலாம், கண் வேறொருவருடையதாகியிருக்கலாம். துணியையும் பின்னணியையும் அதனிடம் விடுங்கள். முகத்தை விடுவதாக இருந்தால், மூலத்தையும் மாற்றியதையும் ஒரே தாளில் அச்சிட்டு வீட்டாரிடம் காட்டி, எது அவர் என்று கேட்ட பின்பு சுவரொட்டிக்கு அனுப்புங்கள்.